வெளுத்த வானும் மறைந்த மினாராவும்
கட்டடங்களைப் படம்பிடிக்கத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன்பு கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில், பழைய பள்ளிவாசலை அகற்றிவிட்டு, பெருகிவிட்ட ஜமாஅத்துக்கு இடம் போதுமாறு புதிய பள்ளி எழுப்புவதென்று முடிவாயிற்று. செய்தி அறிந்த நாம், இடிக்கும் பணி தொடங்குவதற்கு முந்தைய நாள் பிற்பகலில் கேமராவுடன் அங்குச் சென்றோம். படமெடுப்பது அப்பொழுது நமக்குப் புதிய பழக்கம். சுற்றிச்சுற்றி வந்து நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துக்கொண்டு, ஒரு கடமையை நிறைவேற்றிய மனநிறைவோடு திரும்பினோம்.

ஓராண்டு கழிந்தது. பழைய மினாராவின் உச்சியில் இருந்த சிறு குவிமாடத்தையும் அதன் அடியில் ஓடிய சுண்ணாம்புப் பூவேலையையும் அதே வடிவில் புதிய கட்டடத்திலும் அமைக்க வேண்டும் என ஊர்ப் பெரியவர்கள் விரும்பினர். கொத்தனார் படம் கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “கீழ எல்லாம் நல்லாத் தெரியுது பாய், மேல வெள்ளையாத்தான இருக்கு, ஒண்ணுமே காணோமே” என்றார். அவர் கூறியது உண்மை. வாயில் துலங்கியது, தூண்கள் துலங்கின, மரக்கதவின் ஆணிகள்கூட எண்ணத்தக்கனவாய் இருந்தன. ஆனால் வெள்ளையடித்த மினாரா மேலே செல்லச் செல்ல வெளிறி, உச்சியில் வெண்மையான வானத்தோடு வானமாகக் கரைந்து போயிருந்தது. அந்தக் குவிமாடம் இன்று நம் படத்திலும் இல்லை, மண்ணிலும் இல்லை.

படத்தில் வானம் வெளுத்துப்போவதை அழகுக் குறை என்றே பலரும் எண்ணுகின்றனர். அது அவ்வளவில் நிற்பதன்று. ஒரு கட்டடத்தின் வடிவம் எங்கே முடிகிறது என்பதை நமக்குக் காட்டுவது அதன் பின்னுள்ள வானமே. வானம் அழிந்தால் அதனைத் தொட்டு நிற்கும் விளிம்பும் அழிகிறது. மினாராவின் முடி, குவிமாடத்தின் வளைவு, கோபுரத்தின் கலசம் ஆகிய யாவும் அந்த விளிம்பிலேயே இருக்கின்றன. ஆகவே வானத்தைக் காப்பது என்பது கட்டடத்தைக் காப்பதன் ஒரு பகுதியாகும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒளியைப் பற்றிய சிறிது அறிவும் வேளையைப் பற்றிய சிறிது பொறுமையும் போதும். உயிருள்ளவற்றின் உருவம் குறித்து மார்க்க அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாடு கட்டடங்களைத் தொடுவதில்லையாதலால், இக்கலையை நம் இளைஞர்கள் தயக்கமின்றிப் பயிலலாம்.

கண் காண்பதும் கருவி காண்பதும்

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினொன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலை ஏழு பாகங்களில் இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்று அவர் நிறுவியதை நாம் அறிவோம். அதே நூலில் நமது தலைப்புக்கு நேராகப் பொருந்தும் வேறொரு செய்தியும் உண்டு. வலுவான ஒளி கண்ணை வருத்துகிறது. அது அருகிலுள்ள மங்கலான ஒளியை மறைத்துவிடுகிறது என்கிறார் அவர். இரவில் காணும் விண்மீன்கள் பகலில் தோன்றாமைக்குக் காரணம் அவை இல்லாமற்போனதன்று. ஒளியூட்டப்பட்ட காற்று அவற்றை மறைக்கிறது என்று விளக்குகிறார்.

இங்கு ஒரு திருத்தமும் தேவைப்படுகிறது. ‘கேமரா’ என்ற சொல் ‘கும்ரா’ அல்லது ‘கமரா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என நம் மேடைகளிலும் ஏடுகளிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது சரியன்று. வளைவுக் கூரையுடைய அறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக இக்கருவிக்குப் பெயராயிற்று. இருட்டறையை இப்னுல் ஹைதம் ‘அல்பைத்துல் முழ்லிம்’ என்றே வழங்கினார். அவருடைய பெருமை சொற்பிறப்பில் இல்லை, சோதனையில் இருக்கிறது. இல்லாத பெருமையைச் சேர்த்துரைப்பது இருக்கும் பெருமைக்கு இழுக்கு.

வலுவான ஒளி மெல்லிய ஒளியை விழுங்குகிறது என்ற அந்த விதி கருவியிடம் இன்னும் கடுமையாகச் செயல்படுகிறது. நாம் ஒரு பள்ளிவாசலைப் பார்க்கும்பொழுது கண் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. நிழலான தாழ்வாரத்தைப் பார்க்கையில் பாவை விரிகிறது. வானத்தை நோக்குகையில் சுருங்குகிறது. மூளை இவ்விரண்டையும் இணைத்து ஒரே காட்சியாக நமக்குத் தருகிறது. கருவியோ ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கில், ஒரே அளவைக் கொண்டு, முழுக் காட்சியையும் பதிவு செய்தாக வேண்டும்.

ஒளி இருமடங்காவதையோ பாதியாவதையோ படக்கலையினர் ஒரு ‘ஸ்டாப்’ என்பர். வெயில் நேராக விழும் சுவருக்கும் அதே சுவரின் நிழற்பக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 3 ஸ்டாப் வேறுபாடு இருக்கும். அதாவது எட்டு மடங்கு. தூசும் ஈரமும் கலந்து வெளிறிய வானம் வெயில் விழும் சுவரினும் 2 ஸ்டாப் மிகுதியான ஒளியுடையதாக இருக்கக்கூடும். அப்படியானால் நிழலிலுள்ள முகப்புக்கும் அதன் பின்னுள்ள வானுக்கும் இடையே 5 ஸ்டாப், அதாவது 32 மடங்கு வேறுபாடு. கேமராவின் அளவுமானி சட்டகத்தில் பெரும்பகுதியை நிரப்பும் பொருளை இடைநிலைச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. நிழலான சுவர் பெரும்பகுதியை நிரப்பினால் ‘இக்காட்சி இருண்டது’ என்று அது முடிவு செய்து கூடுதல் ஒளியை உள்ளே விடுகிறது. சுவர் தெளிகிறது, வானம் எல்லையைக் கடந்துவிடுகிறது.

அந்த எல்லையை எண்ணாலும் சொல்லலாம். வழக்கமான ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை 0 முதல் 255 வரையுள்ள அளவுகளால் குறிக்கப்படுகின்றன. மூன்றும் 255ஐத் தொட்டுவிட்டால் அப்புள்ளி வெறும் வெண்மை. அங்கே மேகம் இருந்ததா, குவிமாடத்தின் விளிம்பு இருந்ததா என்பதற்கு எச்சான்றும் இராது. இருண்டுபோன பகுதியைப் பின்னர் ஓரளவு வெளிச்சமாக்கலாம். வெளுத்துப்போன பகுதியை மீட்க வழியில்லை. தொடங்குவோர் மனத்தில் பதிக்க வேண்டிய முதல் விதி இதுவே: ஐயமிருப்பின் சற்று இருட்டாக எடுத்தல் நன்று.

170 ஆண்டுப் பழஞ்சிக்கல்

இத்தொல்லை இன்று தோன்றியதன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட படைத்தலைவர் லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை ஆகிய ஊர்களின் கட்டடங்களைப் படம்பிடித்தார். தேனி வட்டாரம் அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1990களில்தான் அது தனி மாவட்டமாயிற்று. ஆகவே நம் நிலப்பகுதியின் தலைநகரை முதன்முதலாக விரிவாகப் பதிவு செய்தவர்களுள் ஒருவர் டிரைப் எனலாம். திருமலை நாயக்கர் அரண்மனையை அவர் எடுத்த படங்கள் இன்றும் ஆய்வாளருக்குச் சான்றாக விளங்குகின்றன.

டிரைப் மெழுகேற்றிய தாளில் எதிர்மறைகளை உருவாக்கினார். அக்கால வேதிப்பூச்சுகள் நீல ஒளிக்கே பெரிதும் உணர்வுடையவை. கருங்கல் சுவர் பதிவாகும் அளவுக்கு ஒளி விட்டால், நீல வானம் அதற்குள் மிகைப்பட்டு அச்சில் வெள்ளைத் தாளாகவோ திட்டுத்திட்டாகவோ வெளிப்படும். எனவே அவர் எதிர்மறைகள் பலவற்றில் வண்ணந்தீட்டி மேகங்களைத் தாமே வரைந்து சேர்த்தார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களில் மற்றொரு வழியைக் கையாண்டார். கடலுக்கு ஒன்று, வானுக்கு ஒன்று என இரண்டு எதிர்மறைகளை எடுத்து, ஒரே அச்சில் இணைத்தார். இன்றைய கைபேசி பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக்குவது லெ கிரே கண்ட வழியின் தொடர்ச்சி. கைபேசியில் வேறொரு வானத்தை ஒட்டுவதோ டிரைப் தீட்டிய மேகத்தின் தொடர்ச்சி. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னர்க் காண்போம்.

திசை அறிதல்

கருவியைத் தொடுமுன் கட்டடம் எத்திசை நோக்கியது என அறிதல் வேண்டும். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தால் கட்டடத்தின் முகப்பு ஒளி பெறும். எதிரே தெரியும் வானம் ஆழ்ந்த நீலமாய் இருக்கும். இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு குறையும். சூரியன் கட்டடத்தின் பின்னே இருந்தால் முகப்பு நிழலில் ஆழும். வானம் கண்ணைக் கூசும். நாம் முன்னர்க் கூறிய தோல்விக்குக் காரணம் இதுதான். பிற்பகலில் சென்றோம், பள்ளியின் முகப்போ கிழக்கு நோக்கியது.

பள்ளிவாசலைப் பொறுத்தவரை இத்திசையை முன்கூட்டியே கணக்கிட்டுவிட முடியும். தேனி வட்டாரத்திலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 22 பாகை சாய்ந்துள்ளது. கிப்லாச் சுவருக்கு எதிர்ப்புறத்தில் வாயில் அமைந்த பள்ளியின் முகப்பு, அக்கணக்கின்படி, கிழக்கிலிருந்து தெற்காக 22 பாகை சாய்ந்து நிற்கும். டிசம்பர்த் திங்களின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்தில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 24 பாகையில் உதிக்கிறது. ஆகவே மார்கழிக் காலையில் வெயில் முகப்பின்மீது நேருக்கு நேராக விழுகிறது. சூன் திங்களிலோ சூரியன் அதே அளவு வடக்கே விலகி உதிப்பதால் வெயில் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து வரும். நேர்வெயிலில் வானமும் சுவரும் நன்கு பொருந்தும். சாய்வெயிலில் சுதைவேலையின் மேடுபள்ளங்கள் நிழல் பெற்றுத் துலங்கும். எது தேவையோ அதற்கேற்பப் பருவத்தைத் தேர்ந்துகொள்ளலாம். எல்லாப் பள்ளிகளும் இக்கணக்குக்கு நூல்பிடித்தாற்போல் அமைந்திருக்கும் என்பதில்லை. பழைய பள்ளிகள் சில நேர் மேற்கு நோக்கியும் கட்டப்பட்டுள்ளன. சாலையின் போக்குக்கேற்ப வாயில் பக்கவாட்டில் அமைந்திருப்பதும் உண்டு. நேரில் சென்று திசைகாட்டியால் ஒருமுறை பார்த்துக்கொள்வதே முறை.

கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவையாதலால் காலை விதி அவற்றுக்கும் பொருந்தும். சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர் கோயில், உத்தமபாளையம் காளாத்தீசுவரர் கோயில், அதே ஊரில் 1956இல் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, கம்பம் வாவேர் பள்ளிவாசல், லோயர் கேம்ப்பில் 2013இல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபம் எனப் பயில்வோர் கைப்பழக்கம் பெறுவதற்குரிய கட்டடங்கள் இப்பள்ளத்தாக்கில் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றின் முகப்பும் எத்திசையில் உள்ளது, அதில் வெயில் எப்பொழுது விழுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது, புதிய லென்ஸ் வாங்குவதைக் காட்டிலும் பயன் தரும்.

வக்துகளே வழிகாட்டி

ஒளியின் வேளையை அறிய முஸ்லிம்களுக்கு வேறு கருவி தேவையில்லை. நம் தொழுகை நேரங்கள் சூரியனின் உயரத்தைக் கொண்டே வகுக்கப்பட்டவை. அஸர் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளின் நிழல், நண்பகலில் அதற்கிருந்த நிழல் நீங்கலாக, அப்பொருளின் உயரத்துக்குச் சமமாகும்பொழுது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்குகிறது. ஹனஃபீ மத்ஹபின் பரவலான கருத்துப்படி நிழல் இருமடங்காக வேண்டும். இதைத் தேனியின் இடக்கணக்கில் பொருத்திப் பார்த்தால், ஷாஃபிஈ அஸர் தொடங்கும்பொழுது சூரியன் அடிவானத்துக்கு மேல் பருவத்துக்கேற்ப 31 முதல் 45 பாகை உயரத்திலும், ஹனஃபீ அஸர் தொடங்கும்பொழுது 21 முதல் 27 பாகை உயரத்திலும் இருக்கும்.

கட்டடப் படத்துக்கு 25 பாகைக்குக் கீழ்ப்பட்ட வெயிலே இனியது. அது சுவரில் சாய்ந்து விழும், நிறம் இளகும். ஆகவே ராவுத்தர்கள் மிகுந்து வாழும் இப்பள்ளத்தாக்கின் ஹனஃபீப் பள்ளிகளில் ஒலிக்கும் அஸர் பாங்கு, மேற்கு நோக்கிய கட்டடங்களைப் படமெடுக்க வெயில் பதமாகிவிட்டது என்பதற்கும் அறிவிப்பாகிறது. தொழுதுவிட்டு வெளியே வந்தால் ஒளி காத்திருக்கும். காலையில் கிழக்கு நோக்கிய முகப்புக்கும் இதே உயரக் கணக்குதான். சூரியன் 25 பாகையைக் கடந்த பின்னர் நண்பகலை நெருங்க நெருங்க, வானம் வெளிறுவதும் தாழ்வாரங்கள் கருப்பதும் கூடிக்கொண்டே போகும்.

இப்பள்ளத்தாக்கில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கிழக்கே மேகமலை; மேற்கே ஏலமலை. 5 கிலோமீட்டர் தொலைவில் 1,000 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலை, அடிவானத்தை ஏறத்தாழ 11 பாகை உயர்த்திவிடுகிறது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், நாட்காட்டி கூறும் உதயத்துக்கு முக்கால் மணி நேரம் கழித்தே வெயில் ஊரைத் தொடும். மாலையிலும் அவ்வாறே மஃரிபுக்கு நெடுநேரம் முன்னரே நிழல் சூழும். ஆனால் வானம் மட்டும் ஒளியோடு இருக்கும். இந்த இடைவேளைதான் வானம் வெளுக்கும் தீய வேளை. சமவெளி ஊர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளை நம்பி, மறைவுக்கு அரைமணி முன்பு கேமராவை எடுப்போர் இங்கு ஏமாறுவர்.

ஆயினும் சிக்கல் தரும் அதே மலை தீர்வும் தருகிறது. வானத்தை விட்டுவிட்டு மலையை மினாராவின் பின்புலமாக்கினால் போதும். மேற்சொன்ன மலையின் உயரத்துக்கும் தொலைவுக்கும் உள்ள விகிதம் 1:5. ஆகவே 20 மீட்டர் மினாராவை 100 மீட்டருக்கு அப்பால் நின்று பார்த்தால் அதன் உச்சி மலைமுகட்டுக்குக் கீழேயே அடங்கிவிடும். மலை தாழ்வாகவோ தொலைவாகவோ இருந்தால் நாம் இன்னும் பின்வாங்க வேண்டும். அல்லது எதிர்வீட்டு மாடியில் ஏற வேண்டும். வெள்ளை மினாரா கருநீல மலையின்மீது பதிந்து நிற்கும்பொழுது அதன் ஒவ்வொரு வளைவும் எழுதியதுபோல் துலங்குவதைக் காணலாம். நாகூர் தர்காவின் 131 அடி மினாராவைக் கடற்கரையின் வெளிறிய வானில் எடுக்க வேண்டியவருக்கு இவ்வாய்ப்பு இல்லை.

கருவியைக் கையாளுதல்

வேளை வாய்த்த பின் கருவிக்கு வருவோம். கைபேசியில் எடுப்பவர் கட்டடத்தைத் தொடாமல், வானத்தில் ஒளிமிக்க மேகத்தின்மீது திரையைத் தொட வேண்டும். விரலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் பல கைபேசிகளில் அந்த அளவு நிலைபெற்றுவிடும். அருகே தோன்றும் சூரியக் குறியைக் கீழிழுத்து மேலும் சற்று இருட்டாக்கலாம். கட்டடம் கருத்துத் தோன்றுகிறதே என்று அஞ்ச வேண்டா; நிழற்பகுதியைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

கேமராவில் எடுப்பவர் எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானை முதலில் -1 அளவில் வைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டும். மிகையொளிப் பகுதிகள் கண்சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கை பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதை இயக்கி வைப்பது நலம். வானம் சிமிட்டினால் இன்னும் குறைக்க வேண்டும். ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தில் மேடு வலப்புறச் சுவரில் முட்டி நின்றால் வெண்மை அழிந்தது என்று பொருள்; முட்டாமல் சற்று முன்பே இறங்கினால் நலம். வெயிலில் திரையைப் பார்த்துக் கண்ணால் முடிவு செய்வது தவறு. வரைபடம் பொய் சொல்லாது. ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி இருப்பின் அதையே பயன்படுத்த வேண்டும். நிழலில் புதைந்ததை மீட்க ஜேபெக்கினும் அது மிகுந்த இடம் தரும். ஆனால் முழுதும் வெளுத்த வானத்தை ராவும் மீட்டுத் தராது.

வெள்ளையடித்த பள்ளி முழு வெயிலில் சட்டகத்தை நிரப்பும்பொழுது நிலைமை தலைகீழாகும். அளவுமானி அவ்வெண்மையையும் சாம்பலாக்க முயல்வதால் படம் தேவைக்கு மேல் இருண்டுவிடும். அங்கு முன்சொன்ன -1ஐ நீக்கிவிட வேண்டும். வானம் சிமிட்டாத அளவில் சற்றுக் கூட்டவும் செய்யலாம். எண்ணை மனப்பாடம் செய்யாமல் ஹிஸ்டோகிராமைப் பார்க்கப் பழகுவதே நிலையான வழி.

வேறுபாடு ஒரே படத்தில் அடங்காதபொழுது, கேமராவை முக்காலியில் நிறுத்தி 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணைக்கலாம். கைபேசியின் எச்.டி.ஆர். முறை இதனைத் தானே செய்கிறது. காற்றில் அசையும் தென்னங்கீற்றும் கொடியும் பறக்கும் புறாவும் இணைப்பில் இரட்டையாகத் தோன்றக்கூடும் என்பதை மட்டும் நினைவிற்கொள்க. மேற்பாதி கருமையூட்டப்பட்ட வடிகட்டிக் கண்ணாடியைச் சிலர் பரிந்துரைப்பர். அது நேரான அடிவானமுள்ள நிலக்காட்சிக்கு ஏற்றது, கட்டடத்துக்குப் பொருந்தாது. வானத்தோடு மினாராவின் மேற்பாதியையும் அது இருட்டாக்கிவிடும். போலரைசர் வடிகட்டி, சூரியன் நமக்குப் பக்கவாட்டில் செங்கோணத்தில் உள்ளபொழுது நீலத்தை ஆழப்படுத்தும். சூரியன் முதுகுப்புறம் இருந்தால் அதனால் பெரும்பயன் இல்லை.

சாரல் நாளும் மஃரிபுக்குப் பின்னும்

தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் மேற்கு மலையைக் கடந்து வரும் மேகம் இப்பள்ளத்தாக்கின் வானை ஒரே வெண்போர்வையாக மூடிவிடுவதுண்டு. அப்பொழுது எத்திசையில் நின்றாலும் வானம் கட்டடத்தினும் ஒளிமிக்கதாகவே இருக்கும். அந்நாளில் வானத்தோடு போராடாமல், வானமில்லாத படங்களை எடுப்பதே அறிவுடைமை. மிஹ்ராபின் வளைவு, தூணின் போதிகை, மரக்கதவின் செதுக்கல், ஹவ்ளின் நீர் ஆகியவற்றுக்கு நிழலற்ற அம்மென்மையான ஒளி மிகவும் ஏற்றது. வளைவு வாயிலின் உள்ளேயிருந்தோ ஒரு புளியமரத்தின் கீழிருந்தோ எடுத்தால் கிளையும் வளைவும் வானின் பெரும்பகுதியை மறைக்கும். முழுக் கட்டடத்தைப் பதிவு செய்ய வேண்டுமாயின், ஐப்பசி, கார்த்திகை மழை வானைக் கழுவி விட்ட மறுநாள் காலைக்காகக் காத்திருக்கலாம்.

மற்றொரு வேளையும் உண்டு. மஃரிப் ஜமாஅத்தும் ஸுன்னத்தும் முடித்து வெளியே வரும்பொழுது சூரியன் மறைந்து 15 நிமிடத்துக்கு மேலாகியிருக்கும். வானம் கருநீலமாக, மினாராவின் விளக்குகளும் வானமும் ஏறத்தாழ ஒத்த ஒளியோடு நிற்கும் தருணம் அது. நம் நிலப்பகுதியில் அந்தி குறுகியது. 10 நிமிடத்துக்கு மேல் அந்தச் சமநிலை நீடிப்பதில்லை. கேமராவை ஒரு மதிற்சுவரில் ஊன்றி வைத்து எடுத்தால் எவ்வகை இணைப்பும் இன்றி வானமும் கட்டடமும் ஒரே படத்தில் அமையும். விளக்கின் நடுப்புள்ளி வெளுத்திருந்தால் அது குற்றமன்று. விளக்கும் சூரியனும் வெளுப்பதற்குரியவையே.

வானத்தை மாற்றலாமா?

இன்றைய செயலிகள் வெளுத்த வானை அழித்து, எங்கோ எடுத்த மாலை மேகத்தை ஒரு தொடுதலில் ஒட்டித் தருகின்றன. சுவரில் மாட்டும் அலங்காரப் படத்துக்கு அது பொறுக்கத்தக்கதாகலாம். ஒரு கட்டடத்தின் சான்றாக வைக்கப்படும் படத்துக்கு அது தகாது. லெ கிரே வழியில் இணைக்கப்படும் வானம், அவ்விடத்தில் அவ்வேளையில் இருந்த வானம். ஒட்டப்படும் வானமோ அங்கு இல்லாத வானம். அதைப் பொருத்தும்பொழுது செயலி மினாராவின் விளிம்பைத் தன் ஊகத்தால் வெட்டுகிறது. உச்சியின் பிறை ஒரு கொம்பை இழக்கலாம், குவிமாடத்தின் வளைவு மாறலாம். பின்வரும் தலைமுறை அதனை உண்மையென நம்பிக் கட்டும். டிரைப் தீட்டிய மேகங்கள் கோபுரத்தைத் தொடாமல் நின்றதால் அவருடைய படங்களுக்கு ஊறு நேரவில்லை. இக்காலச் செயலிக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. பதிவு என்பது ஓர் அமானிதம். வெளுத்த படத்தை வெளுத்த படமாகவே வைத்திருப்பது, பொய்யான வானம் போர்த்திய படத்தினும் மேல்.

நம் ஊர்களில் ஆண்டுதோறும் பழைய பள்ளிகள் விரிவாக்கத்துக்காக அகற்றப்படுகின்றன. தேவை உண்மையானது, குறைகூற இடமில்லை. ஆனால் அகற்றுவதற்கு முன் ஒரு காலையும் ஒரு மாலையும் ஒதுக்கி, நான்கு பக்கங்களையும் உரிய வெயிலில், வானம் வெளுக்காமல் படமெடுத்து, நாளும் திசையும் குறித்து, மாற்றப்படாத மூலக்கோப்பின் படி ஒன்றை ஜமாஅத் அலுவலகத்தில் வைப்பது எந்த ஊருக்கும் இயலக்கூடியதே. அந்தச் சிற்றூரில் கொத்தனார் கடைசியில் முதியவர் ஒருவரின் நினைவைக் கேட்டு, தாளில் வரைந்து, புதிய மினாராவுக்கு முடி அமைத்தார். அது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழையதைப்போல் இருக்கிறதா என்று கேட்டால், ஊரில் ஒருவரும் உறுதியாகச் சொல்வதில்லை.